ஆரோக்கியமும் அதிகார எல்லையும்



பட்டமளிப்பு விழாவில் பேச வருகிறவர் உபதேசம் செய்வது வழக்கமாக இருந்தபோதிலும், சட்டமும் பொதுச் சுகாதாரமும் பயின்று இன்று பட்டம் பெறும் நீங்கள் இனி மேற்கொள்ளப்போகும் தொழிலுக்கு நேரடியாகப் பிரயோஜனப்படக்கூடிய ஒரு சரித்திரத்தைச் சொல்லிச் செல்வதே உத்தமம் என்று எனக்குத் தோன்றுகிறபடியால், ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடித் தம் ஜனங்களின் ஆரோக்கியத்துக்காகச் சட்டம் இயற்ற முற்பட்ட விருத்தாந்தத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1957-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ஆறு நாடுகள் ரோம் நகரில் உடன்படிக்கை செய்துகொண்டபோது, அவற்றின் நோக்கமெல்லாம் சுங்கத் தடைகளை நீக்கி ஒரு பொதுச் சந்தையை நிர்மாணிப்பதாகவே இருந்தது. ஜனங்களின் ஆரோக்கியம் என்பது அந்த ஆவணத்தில், ஒரு நாடு வேறொரு நாட்டின் சரக்கைத் தன் எல்லையில் தடுத்து நிறுத்துவதற்குச் சொல்லத்தக்க காரணங்களுள் ஒன்றாகவே பெரும்பாலும் இடம்பெற்றிருந்தது. அதே ஆண்டு அக்டோபரில் மேற்கு ஜெர்மனியில் தாலிடோமைடு என்னும் மருந்து விற்பனைக்கு வந்தது. நித்திரைக்கும் மன அமைதிக்கும் ஏற்றது, கர்ப்பிணிகளுக்கும் தீங்கற்றது என்று சொல்லப்பட்ட அம்மருந்து 1961-இன் இறுதியில் திரும்பப் பெறப்படுவதற்குள், கையும் காலும் வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பல நாடுகளில் ஆயிரக்கணக்கில் பிறந்துவிட்டன. 1965 ஜனவரியில் அந்த ஆறு நாடுகளும் சேர்ந்து, அரசின் முன் அனுமதியின்றி எந்த மருந்தும் சந்தைக்கு வரலாகாது என்று விதித்தன. அவ்விதியின் முகவுரையைப் படித்துப் பாருங்கள்: ஜனங்களின் ஆரோக்கியத்தைக் காப்பதே முதன்மையான நோக்கம் என்று சொல்லி, அடுத்த மூச்சிலேயே, மருந்துத் தொழிலுக்கும் வர்த்தகத்துக்கும் இடையூறு நேராத வழிகளில்தான் அது சாதிக்கப்பட வேண்டும் என்கிறது. அக்குழந்தைகளுக்காக எழுந்த சட்டமும்கூடச் சந்தையின் வாயில் வழியாகத்தான் உள்ளே வர முடிந்தது.

1992-இல் மாஸ்ட்ரிக்ட் நகரில் கையெழுத்தான உடன்படிக்கைதான் பொதுச் சுகாதாரத்துக்கென்று முதன்முதலாகத் தனி ஷரத்து ஒன்றை வகுத்தது. ஆனால் உறுப்பு நாடுகளின் சுகாதாரச் சட்டங்களை ஒரே அச்சில் வார்ப்பதற்கு அந்த ஷரத்து இடம் தராது என்பதையும் அதே மூச்சில் சொல்லிவிட்டது. இந்த அதிகாரப் பங்கீடு நமக்கு அந்நியமான பிரச்சினையன்று. நம் இந்திய அரசியல் சாசனத்தின் 7-வது அட்டவணையில் பொதுச் சுகாதாரம் மாநிலப் பட்டியலில் இருக்கிறது. தொற்றுநோய் ஒரு மாநிலத்திலிருந்து மற்றொன்றுக்குப் பரவாமல் தடுப்பது மட்டும் பொதுப் பட்டியலில் இருக்கிறது. நோய் எல்லையைக் கடக்கும் என்பதைச் சாசனம் இயற்றிய நம் பெரியோர்கள் முன்கூட்டியே உணர்ந்திருந்தார்கள்.

இனி நான் சொல்லப்போவதைச் சட்டம் பயின்றவர்கள் விசேஷமாகக் கவனிக்க வேண்டுகிறேன். 1998-இல், இந்நாடுகளின் கூட்டமைப்பான ஐரோப்பிய ஒன்றியம் புகையிலை விளம்பரங்களை ஏறக்குறைய முழுவதுமாகத் தடை செய்து ஒரு சட்டம் இயற்றியது. நோக்கம் ஆரோக்கியம், ஆனால் ஆரோக்கிய ஷரத்தில் அதற்கு அதிகாரமில்லை என்பதால், பொதுச் சந்தையைச் சீர்படுத்தும் ஷரத்தையே ஆதாரமாகக் காட்டினார்கள். ஜெர்மனி வழக்குத் தொடுத்தது. 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 5-ஆம் தேதி லக்ஸம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் அச்சட்டம் முழுவதையும் ரத்து செய்தது. பத்திரிகைகள் எல்லை கடந்து விற்பனையாகின்றன. ஆகவே அவற்றில் வரும் விளம்பரத்தைத் தடுப்பதற்கும் சந்தைக்கும் சம்பந்தம் உண்டு என்பதை ஒப்புக்கொண்ட நீதிபதிகள், உணவு விடுதி மேஜையில் இருக்கும் சாம்பல் கிண்ணத்திலும், அதன்மேல் விரித்த நிழற்குடையிலும், சினிமாக் கொட்டகையின் திரையிலும் வரும் விளம்பரத்தைத் தடை செய்வதனால் எந்தச் சரக்கின் போக்குவரத்து எளிதாகிறது என்று வினவி, எதுவுமில்லை என்று முடிவு கட்டினார்கள். தகுந்த பகுதியை மட்டும் விட்டுவைத்தால் தாங்களே சட்டத்தைத் திருத்தி எழுதியதாகும் என்பதால், முழுவதையும் தள்ளினார்கள்.

புகையிலை விளைக்கும் மரணங்களை நினைத்து வேதனைப்படுகிறவர்களுள் நானும் ஒருவன். ஆயினும் அத்தீர்ப்பு நியாயமானது என்பதே என் துணிபு. நோக்கம் உயர்ந்ததாக இருக்கிறது என்பதற்காக இல்லாத அதிகாரத்தை இருப்பதாகப் பாவிக்க இடம் கொடுத்தால், நாளை உயர்ந்த நோக்கம் எதுவுமில்லாதவனும் அதே வழியில் வருவான். அதைவிட முக்கியமானது, அந்தத் தீர்ப்பு வழியை அடைத்துவிடவில்லை என்பது. சந்தையைச் சீர்படுத்தும் தேவை மெய்யாகவே இருக்குமானால், அச்சட்டத்தின் உள்ளடக்கத்தை நிர்ணயிக்கையில் ஆரோக்கியமே தீர்மானமான காரணமாக இருக்கலாம் என்றும் நீதிமன்றம் சொல்லியிருந்தது. சட்டம் எழுதுகிறவர்கள் மனம் சலிக்காமல் மறுபடி உட்கார்ந்து, அச்சுப் பத்திரிகை, வானொலி, இணையம், எல்லை கடந்த விழாக்களுக்கும் பந்தயங்களுக்கும் அளிக்கப்படும் ஆதரவு ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு, 2003-இல் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். ஜெர்மனி மீண்டும் வழக்காடி 2006 டிசம்பரில் தோற்றது. 2014-இல் வந்த மற்றொரு சட்டம், சிகரெட் பெட்டியின் முன்புறத்திலும் பின்புறத்திலும் 65 சதவீதப் பரப்பைப் படத்தோடு கூடிய எச்சரிக்கைக்கு ஒதுக்கியது. அதுவும் நீதிமன்றத்தில் நிலைத்தது. விடுதி மேஜையின் சாம்பல் கிண்ணத்தை அந்தந்த நாட்டுச் சட்டமன்றத்துக்கு விட்டுக்கொடுத்தார்கள். எல்லை கடந்து செல்லும் பெட்டியைத் தம் வசப்படுத்தினார்கள்.

பைத்தியப் பசு நோயின் கதையை நீட்டி உரைக்க வேண்டியதில்லை. 1996 மார்ச்சில் அந்நோய்க்கும் மனிதரின் மூளையை அழிக்கும் ஒரு புதிய வியாதிக்கும் தொடர்பிருக்கக்கூடும் என்று பிரிட்டிஷ் அரசு வெளியிட்ட ஒரே வாரத்தில், அந்நாட்டு மாட்டிறைச்சியின் ஏற்றுமதி தடுக்கப்பட்டது. அந்த அதிர்ச்சியைத் தொடர்ந்து, மறு ஆண்டு ஆம்ஸ்டர்டாம் உடன்படிக்கையில் ஆரோக்கிய ஷரத்து வலுப்பெற்றது.

ஆனால் சந்தை வழியாக வந்த இந்தச் சட்டங்களுக்கு ஒரு குறையும் உண்டு. அதை மறைத்துப் பேசுவது உங்களுக்குச் செய்யும் துரோகமாகும். லக்ஸம்பர்க்கில் ஒரு தகப்பனார் தம் மகளின் பல்வரிசையைச் சீர் செய்ய எல்லைக்கு அப்பால் ஜெர்மனியின் டிரியர் நகரத்து வைத்தியரிடம் போக அனுமதி கேட்டார். அவசரமில்லை, உள்ளூரிலேயே செய்துகொள்ளலாம் என்று காப்புறுதி நிறுவனம் மறுத்தது. 1998-இல் அதே ஐரோப்பிய நீதிமன்றம் தகப்பனார் பக்கம் நின்றது. வைத்தியமும் எல்லை கடக்கும் சேவையே என்னும் அக்கொள்கை 2011-இல் சட்டமாகவே வடிவெடுத்தது. நோயாளியை எல்லை கடக்க விட்ட அதே சந்தை, பட்டங்களைப் பரஸ்பரம் அங்கீகரிக்கும் விதியின்மூலம் வைத்தியரையும் எல்லை கடக்க விட்டது. ருமேனியாவிலும் பல்கேரியாவிலும் படித்துத் தேர்ந்த டாக்டர்களும் தாதியரும் மேற்கு நாடுகளுக்குப் பெயர்ந்தார்கள். பயணம் செய்ய வசதியுள்ள நோயாளிக்கு உரிமை கிடைத்தது. டாக்டர் போய்விட்ட கிராமத்துக் கிழவிக்கு, எந்த நீதிமன்றத்தில் எந்த ஷரத்தின் கீழ் வழக்காடுவது என்று சொல்ல எவராலும் முடியவில்லை. ஏனெனில் ஆஸ்பத்திரிகளை நடத்துவதும் அவற்றுக்குப் பணம் ஒதுக்குவதும் இன்றுவரை அந்தந்த நாட்டின் பொறுப்பாகவே விடப்பட்டிருக்கின்றன.

2020 மார்ச்சில் வட இத்தாலியின் ஆஸ்பத்திரிகள் கொரோனா நோயாளிகளால் நிரம்பி வழிந்தபோது, ஜெர்மனியும் பிரான்சும் முகக்கவசங்கள் தம் எல்லையைக் கடவாதபடி தடுத்தன. 1957-இல் விதிவிலக்காக எழுதிவைத்த அதே ஆரோக்கியக் காரணம்தான் அப்போதும் கூறப்பட்டது. ஸ்டாக்ஹோமில் 2005 முதல் இயங்கிவந்த, ஒன்றியத்தின் நோய்த்தடுப்பு மையத்துக்கு ஆலோசனை சொல்ல அதிகாரமிருந்தது, ஆணையிட இல்லை. சில வாரங்களில் வெட்கம் உறைத்தது; ஜெர்மானிய ஆஸ்பத்திரிகள் இத்தாலிய நோயாளிகளைத் தாங்கிக்கொண்டன; தடுப்பூசியை ஒன்றியத்தின் 27 நாடுகளும் சேர்ந்தே வாங்கி, ஜனத்தொகைப்படி பங்கிட்டுக்கொண்டு, டிசம்பர் இறுதியில் ஒரே சமயத்தில் போடத் தொடங்கின. 2022-இல் இயற்றப்பட்ட விதி, பொதுச் சுகாதார நெருக்கடியை ஒன்றியமே பிரகடனம் செய்ய வழி செய்திருக்கிறது.

உங்களில் சிலர் தலைமைச் செயலகத்தில் அமர்ந்து சட்ட நகல் எழுதுவீர்கள். சிலர் அச்சட்டத்தை ஒரு வட்டாரச் சுகாதார நிலையத்தில் நடைமுறைப்படுத்துவீர்கள். நகல் எழுதுகிறவர், அதற்கு ஆதாரமான ஷரத்தைத் தேடி எடுத்த பிறகு, டாக்டர் இல்லாத கிராமத்துக்கு ஒருமுறை நேரில் போய் வந்து பேனாவை எடுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம்.