கொடியைப் புதைச்சு வைக்கிற ஊர்

ஒயின்னா பிரான்ஸ், இத்தாலின்னுதானே நினைப்போம்? இன்னைக்கு நாம பேசப் போறது சீனாவுல இருக்கிற நிங்சியா பத்தி. ஹெலான் மலை அடிவாரம், வறண்ட பூமி. 2011-ல இந்த ஊர் ஒயின் ஒண்ணு டிகான்டர் போட்டியில பெரிய விருது வாங்கின பிறகுதான் வெளியுலகம் கவனிச்சுது.

அதுக்கு முன்னாடியே அங்க சில்வர் ஹைட்ஸ்னு ஒரு குடும்பம் ஒயின் போட ஆரம்பிச்சிருந்தாங்க. அப்பா காவ் லின். பிரான்ஸ்ல படிச்சுட்டு வந்த பொண்ணு எம்மா காவ். முதல் ஒயின் 2007-ல.

பிரச்சினை குளிர். மைனஸ் 20 டிகிரி வரைக்கும் இறங்கும், காத்தும் வறண்டது. சும்மா விட்டா கொடி செத்துடும். அதனால குளிர்காலத்துக்கு முன்னாடி ஒவ்வொரு கொடியையும் வளைச்சு மண்ணுக்குள்ள புதைக்கணும். வசந்தம் வந்ததும் தோண்டி எடுக்கணும். ஒவ்வொரு வருஷமும்! சிலது ஒடிஞ்சே போயிடும். வளைக்கிறதுக்குத் தோதா இருக்கட்டும்னே கொடியைச் சாய்ச்சு வளர்க்கிறாங்க. மெஷின் மண்ணைத் தள்ளும், ஆனா ஒடியாம எடுக்கக் கைதான் வேணும்.

நட்டு மூணு வருஷம் காத்திருக்கணும், அப்புறம் ரெட் ஒயின் பீப்பாய்ல ஒரு வருஷம். (நம்ம ஸ்டார்ட்அப் பசங்க 'ரன்வே'ன்னு புலம்புறதெல்லாம் இதுக்கு முன்னாடி ஒண்ணுமில்ல.) வரவு வர்றதுக்கு முன்னாடியே வருஷத்துக்கு ரெண்டு தடவை கூலி. பெரிய கம்பெனி தாங்கிக்கும். சின்னக் குடும்பம் அதைப் பாட்டில் விலையிலதான் ஏத்தணும். ஏத்தினா, "இந்தக் காசுக்கு பிரெஞ்சு ஒயினே வாங்கிடலாமே"ன்னு கேட்க ஆள் இருக்கு.