பார்த்ததை எழுதவா, வரவேண்டியதை எழுதவா?

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரை)



செயலாளர் எனக்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்கியிருக்கிறார். முப்பத்திரண்டு வருடம் முக்கால் மணி நேரப் பீரியடு எடுத்தே பழகியவன் நான். மணி அடித்தால்தான் நிறுத்தத் தெரியும். ஆகவே, நேரம் ஆனதும் யாராவது தயவுசெய்து மணி அடித்துவிடுங்கள்.

'உயிரியல் வகுப்பில் ஆசிரியர் எதிர்பார்ப்பது என்ன?' என்று தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைச் சொல்லுமுன் நான் யார் என்று சொல்லவேண்டும். தலை நரைத்துப் போனதால் பலருக்கு அடையாளம் தெரியவில்லை. பி.யூ.சி. முடித்துவிட்டு இங்கே தாவரவியல் சேர்ந்து, 1979இல் பட்டம் பெற்றவன். மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தபோது நாம் இங்கே இரண்டாம் ஆண்டை முடித்துக்கொண்டிருந்தோம். அந்தப் பிளஸ் டூ பிள்ளைகளுக்குத்தான் 1985 முதல் 2017 வரை அரசு மேல்நிலைப் பள்ளிகளில் உயிரியல் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றேன்.

முதலில் நம் ஆய்வுக்கூடத்து நினைவு ஒன்று. சூரியகாந்தித் தண்டின் குறுக்குவெட்டு எடுக்கச் சொல்லியிருந்தார்கள். எனக்குப் பிளேடு பிடிக்கவே வராது. பத்துத் தடவை வெட்டி, ஒன்றை சாஃப்ரனினில் நனைத்து, கிளிசரின் விட்டு மூடி வைத்தேன். படத்தை மட்டும் புத்தகத்தில் இருப்பதுபோல வட்டமாக, வாஸ்குலார் கற்றைகள் வளையமாக, அழகாக வரைந்துவிட்டேன். பேராசிரியர் வந்தார். மைக்ராஸ்கோப்பில் குனிந்து பார்த்தார். பிறகு என் நோட்டைப் பார்த்தார். "தம்பி, உன் ஸ்லைடுல பாதித் தண்டுதான் இருக்கு. மீதிப் பாதியை எங்கே பார்த்தே?" என்றார். வகுப்பே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "பாதி தெரிஞ்சா பாதி போடு. அதுக்கு நான் முழு மார்க் தாரேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

அந்த ஒரு வாக்கியம் இந்தக் கல்லூரி எனக்குக் கொடுத்த சொத்து. அந்தச் சொத்தை நான் ஒருமுறை தொலைத்தேன். அந்தக் கதையைத்தான் இன்று சொல்ல வந்தேன்.

1991ஆம் வருடம். பன்னிரண்டாம் வகுப்பு. ஒளிச்சேர்க்கையில் ஆக்சிஜன் வெளிவருவதைக் காட்டும் சோதனைக்குழாய் – புனல் சோதனை. உங்களில் தாவரவியல்காரர்களுக்கு மறந்திருக்காது. பீக்கரில் தண்ணீர், அதில் ஹைட்ரில்லாக் கிளைகள், அவற்றின் மேல் கவிழ்த்த புனல், புனலின் காம்பில் நீர் நிறைத்துக் கவிழ்த்த சோதனைக்குழாய். வெயிலில் வைத்தால் குமிழ் குமிழாக வாயு கிளம்பிக் குழாயின் மேலே சேரும். அணையும் தீக்குச்சியைக் காட்டினால் பளிச்சென்று எரியும்.

அன்று நல்ல வெயில். குளத்திலிருந்து காலையில்தான் எடுத்துவந்த பச்சைப் பசேல் ஹைட்ரில்லா. ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒரு குமிழ்கூட வரவில்லை. பீரியடு முடியப் போகிறது. மறுவாரம் ஆய்வு அதிகாரி வருகிறார். ரெக்கார்டு நோட்டுகள் முடிந்திருக்க வேண்டும். "சரி, குமிழ் வந்தது, ஆக்சிஜன் சேர்ந்ததுன்னு எழுதி முடிங்க" என்றேன். எல்லோரும் எழுதினார்கள். ஒரு பையன் மட்டும் 'இரண்டு மணி முதல் மூன்று மணி வரை பார்த்தேன். குமிழ் வரவில்லை' என்று எழுதி, குமிழ் இல்லாமலே படமும் போட்டுக் கொண்டுவந்து நீட்டினான்.

"என்னலே இது?" என்றேன்.

"சார், பாத்தத எழுதவா, வரவேண்டியத எழுதவா?" என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டான்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே. அந்தப் பக்கத்தைக் கிழிச்சுட்டு வேற எழுது." அவன் அங்கேயே நின்று, தைத்த நூல் அறுந்துவிடாமல் பக்குவமாகக் கிழித்தான்.

சாயங்காலம் ஆசிரியர் அறையில் பானைத் தண்ணீரை ஒரு டம்ளர் மொண்டு குடித்தேன். சப்பென்று இருந்தது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீரின் ருசி உங்களுக்குத் தெரியும். ஊரில் மஞ்சள் காமாலை பரவிய சமயம். தண்ணீரைக் காய்ச்சித்தான் வைக்கவேண்டும் என்று தலைமையாசிரியர் உத்தரவு. டம்ளரைக் கீழே வைக்குமுன் எனக்கு விளங்கிவிட்டது. அன்று குழாயில் தண்ணீர் வரவில்லை. ஆய்வக உதவியாளர் இந்தப் பானையிலிருந்துதான் பீக்கரை நிரப்பியிருக்கிறார். நானும் கேட்கவில்லை. காய்ச்சினால் தண்ணீரில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு போய்விடும். அது இல்லாமல் ஒளிச்சேர்க்கை எங்கே நடக்கும்? கொஞ்சநஞ்சம் ஆக்சிஜன் உண்டானாலும் அந்தக் காற்றிழந்த தண்ணீரிலேயே கரைந்துவிடும், மேலே வராது. ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டிருந்தால் போதும்.

அதாவது, ஒளிச்சேர்க்கைக்குக் கார்பன் டை ஆக்சைடு வேண்டும் என்ற உண்மைக்கு அந்த வருடம் என் வகுப்பில் எழுதப்பட்ட ஒரே நேரடிச் சாட்சியம் அந்தப் பையனுடைய பக்கம். அதைத்தான் நான் கிழிக்கச் சொன்னேன்.

மறுநாள் அடுத்த பிரிவுக்குக் குளத்துத் தண்ணீரை வைத்தே சோதனையைச் செய்து காட்டினேன். குமிழ் சரம் சரமாக வந்தது. ஆனால் அந்தப் பையனைக் கூப்பிட்டு, "தப்பு என்னுதுதான்" என்று சொன்னேனா? சொல்லவில்லை. அதிகாரி வரட்டும், பிறகு பார்க்கலாம் என்று இருந்துவிட்டேன். பிறகு பார்க்கவே இல்லை. மார்ச் மாதம் அவன் தேர்வெழுதிப் போய்விட்டான்.

அடுத்த ஜூனில், பள்ளி திறந்த முதல் நாள், பாடம் எடுக்கவில்லை. கரும்பலகையின் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் 'நீங்கள் எனக்கு' என்றும், வலப்பக்கம் 'நான் உங்களுக்கு' என்றும் எழுதினேன். ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் முதல் நாள் அதுதான் பாடம். வகுப்பு விதி என்றால் மாணவனுக்கு மட்டும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

முதல் விதி: பார்த்ததை எழுது. சோதனை வரவில்லையென்றால் வரவில்லை என்று எழுதி, ஏன் வரவில்லை என்று உனக்குத் தோன்றும் காரணம் ஒன்றையும் எழுது. முழு மதிப்பெண். வலப்பக்கத்தில்: நான் தவறாகச் சொன்னால், மறுநாள் வகுப்பின் முன்னாலேயே திருத்திச் சொல்வேன்.

இரண்டாவது விதி ரெக்கார்டு நோட்டு. இடப்பக்கம் பென்சிலில் படம், வலப்பக்கம் மையில் விளக்கம், பாகங்களின் பெயர்க் கோடுகள் ஒன்றையொன்று வெட்டக்கூடாது. இதெல்லாம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. தாமதமாக வந்தால் மதிப்பெண் குறைப்பது என் பழைய வழக்கம். ஒரு மாணவிக்கு அப்படித் தொடர்ந்து குறைத்தேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. ஒருநாள் அவள் விரல் நுனிகளைப் பார்த்தேன். பீடி சுற்றிய விரல்கள். ராத்திரி பத்து மணிவரை அம்மாவோடு முறம் மடியில் வைத்து உட்காருகிற பெண் எந்நேரம் படம் வரைவாள்? அதிலிருந்து மதிப்பெண் குறைப்பதை நிறுத்தினேன். நோட்டு முடியாதவர்கள் மதியச் சாப்பாட்டு வேளையிலும் சாயங்காலம் ஒரு மணி நேரமும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து முடிக்கலாம், முடித்துத்தான் ஆகவேண்டும். வலப்பக்கத்தில்: அந்த நேரம் முழுதும் நானும் அங்கே இருப்பேன், கொடுத்த நோட்டை ஒரு வாரத்தில் திருத்தித் தருவேன்.

ஆய்வுக்கூட ஒழுங்கைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மைக்ராஸ்கோப்பை இரண்டு கையாலும் தூக்கு. முதலில் குறைந்த உருப்பெருக்கம்; பெரிய லென்ஸுக்கு மாறியபின் பெரிய திருகைத் தொடாதே, ஸ்லைடு நொறுங்கும். சடையை முடிந்துகொண்டு சாராய விளக்கைப் பற்றவை. ஒரு கிளை போதுமென்றால் செடியைப் பிடுங்காதே. குளத்திலிருந்து கொண்டுவந்த தலைப்பிரட்டை குளத்துக்கே போகவேண்டும்.

அடுத்த விதிக்குக் கொஞ்சம் தைரியம் வேண்டியிருந்தது: எந்தப் பாடத்தையும் தாண்டிப் போவதில்லை. இனப்பெருக்கப் பாடம் வந்தால் "நீங்களே வீட்டில் படிச்சுக்குங்க" என்று சொல்லும் வழக்கம் நமக்கெல்லாம் தெரியும். நானும் ஆரம்பத்தில் அப்படிச் செய்தவன்தான். பிறகு மேசைமேல் ஒரு காலி சாக்பீஸ் பெட்டியை வைத்தேன். பெயர் எழுதாமல் கேள்வியைச் சீட்டில் எழுதிப் போடலாம். எந்தக் கேள்விக்கும் யாரும் சிரிக்கக்கூடாது. நானும் முகம் சுளிக்க மாட்டேன்.

ஒருநாள் ஒரு சீட்டு: 'தூரமான நாளில் தொட்டால் செடி பட்டுப் போகுமா சார்?' தாவரவியல் படித்தவனிடம் கேட்க இதைவிட நல்ல கேள்வி ஏது? "போகாது" என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஆனால் பாட்டி 'போகும்' என்கிறாள், வாத்தியார் 'போகாது' என்கிறார் என்றால் அந்தப் பிள்ளை யாரை நம்பும்? கேட்டது யாரென்று தேடாமல் வகுப்புக்கே பொதுவாகச் சொன்னேன்: "ஒரே மாதிரி இரண்டு செடி வைங்க. இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே அளவு தண்ணி. ஒண்ணை எப்பவும்போல எல்லா நாளும் தொடலாம். இன்னொண்ணை அந்த நாள்ல தொடவேண்டாம். நான் சொல்றேன்னு நம்பாதீங்க, பாருங்க." இரண்டு மாதம் கழித்துப் பெட்டியில் இன்னொரு சீட்டு கிடந்தது. அதே கையெழுத்து. 'இரண்டு செடியும் நன்றாக இருக்கிறது சார்.' என் பணிக்காலத்தில் வாங்கிய சான்றிதழ்களை எங்கே வைத்தேன் என்று தெரியாது. அந்தச் சீட்டு பத்திரமாக இருக்கிறது.

இன்னொரு விதி ரத்த வகை பற்றியது. குத்தும் ஊசி ஒருவருக்கு ஒன்று, புதிது. முடிவை அவரவரிடம் மட்டுமே சொல்வேன். 'உன் அப்பா அம்மா ரத்த வகை என்ன, கணக்குப் போடு' என்று ஒருநாளும் கேட்பதில்லை. மரபியல் கணக்குக்குக் கற்பனைக் குடும்பங்கள் போதும். பெற்றோர் இருவரும் ஓ வகை என்றால் பிள்ளைக்கு ஏ வகை வராது என்று பாடம் சொல்லும். வீட்டில் இருக்கும் சீட்டில் வகையைத் தவறாக எழுதியிருக்கலாம். 1952இல் பம்பாயில் கண்டறியப்பட்ட பம்பாய் வகை போன்ற அபூர்வமும் இருக்கலாம். வளர்ப்புப் பிள்ளையாகவும் இருக்கலாம். பதினேழு வயதுப் பிள்ளை அதை என் வகுப்பில், நாற்பது பேர் நடுவில் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. உண்மையைப் பார்க்கச் சொல்வது வேறு, அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது வேறு.

இத்தனையும் எழுதி வைத்தேன். ஆனால் கடன் ஒன்று பாக்கியாகவே இருந்தது. 2010இல் ஒரு பேருந்து நிலையத்துப் பக்கம் உரக்கடையில் நுழைந்தேன். கல்லாவில் இருந்தவர் எழுந்து, "சார், வாங்க" என்றார். பார்த்ததும் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வருடம் கழித்து அந்தக் கடையில் நின்றுகொண்டு காய்ச்சிய தண்ணீர்க் கதையைச் சொன்னேன். "நீ எழுதினதுதான் சரி. கிழிக்கச் சொன்னது என் தப்பு" என்றேன். அவர் சிரித்தார். கோபமே இல்லை. "அதை விடுங்க சார். அதுக்கப்புறம் மார்ச் வரைக்கும் நான் ஒண்ணையும் பாக்கவே இல்லை. புத்தகத்தப் பாத்தே எழுதிட்டேன். செய்முறையில முழு மார்க்கு வந்துச்சு சார்" என்றார்.

கோபப்பட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

நண்பர்களே, இன்று காலம் மாறிவிட்டது. நீட் தேர்வின் 720 மதிப்பெண்ணில் சரிபாதி, 360, உயிரியலுக்கு. அதில் நான்கு விடையில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 'குமிழ் வரவில்லை' என்று எழுத அங்கே இடம் கிடையாது. அதைக் குறை சொல்ல நான் வரவில்லை. என் மாணவர்களும் அதை எழுதித்தான் மருத்துவர் ஆகிறார்கள். ஆனால் நாளை நோயாளியின் நாடியைப் பிடித்து, பார்த்ததை எழுதவேண்டியவர்களும் அவர்கள்தானே? அந்தப் பழக்கத்துக்குப் பள்ளியில் மிஞ்சியிருக்கும் இடம் ஆய்வுக்கூடம் ஒன்றுதான்.

ஆகவே ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். இந்த அரங்கில் ஆசிரியர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். செய்முறைத் தேர்வுக்குப் புறத்தேர்வாளராகப் போகும்போது, பிள்ளையிடம் ஒரு கேள்வி மட்டும் கூடுதலாகக் கேளுங்கள்: "நீ என்ன பார்த்தே?" பாதி பார்த்ததாகச் சொன்னால் பாதிக்கு முழு மதிப்பெண் போடுங்கள். தாத்தா பாட்டி ஆகிவிட்டவர்கள், பேரனின் ரெக்கார்டு நோட்டில் அம்மா படம் வரைந்துகொண்டிருந்தால், பென்சிலை வாங்கிப் பேரன் கையில் கொடுங்கள். கோணலாகத்தான் வரைவான். வரையட்டும்.

என் பேராசிரியர் இன்று முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, அன்றைக்கு நீங்கள் கேட்ட மீதிப் பாதியை நான் எங்கேயும் பார்க்கவில்லை. புத்தகத்தைப் பார்த்துத்தான் போட்டேன். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன்.

மணி அடிக்கவில்லை என்றாலும் நிறுத்திக்கொள்கிறேன்.