பொன்முகலி வரும் வழி



எனக்குத் தந்த தலைப்பு ‘பக்தி இலக்கியத்தில் பொன்முகலி’. இலக்கியத்தில் அந்த ஆற்றுக்கு ஒரு குறையும் இல்லை. தேவார மூவரும் அதன் கரையிலுள்ள காளத்தியைப் பாடியிருக்கிறார்கள். பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் வந்து, வேடர் திண்ணனாரைப் பொன்முகலிக் கரையிலேயே கொண்டுவந்து நிறுத்தினார். என் கவலையெல்லாம் ஏட்டுக்கு வெளியே இருக்கிற ஆற்றைப் பற்றித்தான். நாம் தினமும் சுவர்ணமுகி என்று சொல்கிறோமே, அந்த ஆறு.

பெரிய புராணத்தில் அந்தக் காட்சியைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பன்றியைத் துரத்தி வீழ்த்திய திண்ணனார், உடன் வந்த நாணன், காடன் என மூன்று வேடர்களுக்கும் நல்ல பசி. தண்ணீர் எங்கே என்று திண்ணனார் கேட்கிறார். தேக்கைத் தாண்டினால் ஒரு குன்று, அதன் பக்கத்தில் பொன்முகலி ஓடுகிறது என்கிறான் நாணன். காடனைக் கரையில் தீ மூட்டச் சொல்லிவிட்டு, மேலே இருக்கும் சுவாமியைக் கும்பிட மற்ற இருவரும் மலையேறுகிறார்கள். திரும்பி வந்த திண்ணனார், வெந்த இறைச்சியை வாயிலிட்டுப் பதம் பார்த்து, நல்ல துண்டுகளாகப் பொறுக்கித் தேக்கிலையில் தைத்த கல்லையில் வைக்கிறார். ஒரு கையில் வில், மறு கையில் கல்லை. பூவைத் தலையில் செருகியாயிற்று. சுவாமிக்கு அபிஷேகத் தண்ணீர்? ஆற்றில் வாய் நிறைய முகந்துகொண்டார்.

இன்றைக்குச் சித்திரை வெயிலில் திண்ணனார் அங்கே இறங்கினால் வாய்க்கு மணல்தான் கிடைக்கும் என்று ஒரு நண்பரிடம் சொன்னேன். “மணல் இருக்கிறதா, பார்த்தீர்களா?” என்று கேட்டார் அவர்.

பொன்முகலி காவிரிபோல் பெரிய இடத்துப் பிள்ளை இல்லை. பாகாலா பக்கத்துக் குன்றுகளில் பிறந்து, கடல்வரை சுமார் 130 கிலோமீட்டர்தான் ஓடுகிறது. மழையோடு வரும், மழையோடு போகும். சந்திரகிரி தாண்டி, தொண்டவாடா அகத்தீசுவரர் கோயிலருகே பீமாவும் கல்யாணியும் வந்து கலந்த பிறகுதான் அதற்கு ஆறு என்ற உருவமே வருகிறது. கல்யாணி, சேஷாசலக் காட்டிலிருந்து இறங்கிவரும் ஓடை. அப்புறம் திருச்சானூர், குடிமல்லம். குடிமல்லத்து லிங்கம் கிறிஸ்துவுக்கு முற்பட்டது என்று அறிஞர் பலர் கருதுகிறார்கள். அத்தனை காலமாக இந்தக் கரையில் மனிதர் குடியிருந்து கும்பிட்டிருக்கிறார்கள். காளத்தியில் ஆறு வடக்கே திரும்பி, கோயிலின் மேற்கு மதிலை ஒட்டிப் போகிறது. வாகாட்டைத் தாண்டினால் வங்கக் கடல்.

காளத்தியில் கலம்காரி எழுதுகிறவர்களைக் கேளுங்கள், ஆறு எதற்கு என்று சொல்வார்கள். துணியைக் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள். இரும்பும் வெல்லமும் ஊறிய கறுப்பில் மூங்கில் எழுதுகோலைத் தொட்டுக் கோடு இழுக்கிறார்கள். சிவப்பு வர வேண்டிய இடத்தில் படிகாரம் தீட்டுகிறார்கள். அதற்குப் பிறகு ஓடுகிற தண்ணீரில் அலச வேண்டும். தேங்கிய நீரில் போட்டால் மிச்சப் படிகாரம் பக்கத்து வெள்ளையிலும் ஏறிவிடும். சாயத்தில் கொதிக்க வைக்கும்போது ராவணனும் சிவப்பு, சீதையும் சிவப்பு! ஆற்றில் ஓட்டம் இல்லாத மாதங்களில் அவர்கள் தொட்டித் தண்ணீரை வைத்துத்தான் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

1977இல் கல்யாணிக்குக் குறுக்கே அணை வந்தது. திருப்பதியும் திருமலையும் அந்தத் தண்ணீரைக் குடிக்கின்றன. அதைக் குடித்துவிட்டு நான் அணையைத் திட்டினால் அது நன்றிகெட்டதனம். ஆனால் மேலே நீரைத் தேக்கிவிட்டோம், கீழே மணலையும் வாரிவிட்டோம். மணல் என்பது ஆற்றின் பத்தாயம் ஐயா! மழைக்காலத்து நீரைத் தனக்குள் வாங்கி வைத்துக்கொண்டு, கரையோரக் கிணறுகளுக்குக் கோடையில் கொடுப்பது அதுதான். அதை லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டு, ஆறு செத்துவிட்டது என்று கூட்டம் போடுகிறோம். இந்தக் கூட்டத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

செத்த ஆறு 2021 நவம்பரில் எழுந்து வந்ததை நாம் எல்லோரும் பார்த்தோம். திருப்பதி மலையடிவாரத்துக் கபில தீர்த்தத்தில் அருவி மதம் பிடித்ததுபோல் கொட்டியது. மலைத் தண்ணீர் திருப்பதித் தெருக்களில் ஆள்களை இழுத்துக்கொண்டு ஓடியது. சுவர்ணமுகி கரை புரண்டது. திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டுப் படிப்பாதை சிதைந்து, 2022 மே மாதம்தான் மறுபடி திறந்தார்கள். அதை இயற்கையின் சீற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. நான் பாதியைத்தான் ஒப்புக்கொள்வேன். பெய்த மழை இயற்கையுடையது. அது தெருவில் ஓடியது, ஓடைக்கால்கள்மேல் நாம் வீடு கட்டியதால். வழியை அடைத்தால் தண்ணீர் என்ன, திரும்ப மலை ஏறிவிடுமா?

ஆகவே ஒரு விண்ணப்பம் தயார் செய்திருக்கிறோம். மலையடிவாரத்திலிருந்து ஆறுவரை உள்ள ஒவ்வொரு ஓடையையும் பழைய கிராம வரைபடத்தை வைத்து அளந்து, இரு கரையிலும் எல்லைக்கல் நட வேண்டும். கோடையில் சில நாளாவது கல்யாணியிலிருந்து கீழே தண்ணீர் விட முடியுமா என்று நிபுணர்களை வைத்துப் பார்க்க வேண்டும். இரண்டே கோரிக்கைகள்தான். தமிழிலும் தெலுங்கிலும் எழுதி, கையெழுத்துக்காக வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறோம். உங்கள் தெருவில் மூடிப்போன ஓடை எது என்று தெரிந்தால், கையெழுத்துக்குப் பக்கத்தில் அதன் பெயரையும் எழுதுங்கள். காப்பிக்குப் போகும் முன்பே எழுதிவிடுங்கள். காப்பி குடித்தபின் நாம் யாரும் திரும்பி வருவதில்லை.