வாசலில் கேட்கப்படும் கேள்வி

(பெற்றோரும் இளையோரும் கலந்துகொண்ட நலவாழ்வு அமர்வில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நான் மருத்துவன் அல்லன். பொறியியல் படித்துவிட்டு, கணினித் துறையில் இருபது ஆண்டுகளாகப் பணியாற்றி வருபவன். நம் அமைப்பின் தொண்டர்களுள் ஒருவனாக, முதியவர்களை மருத்துவ நிலையங்களுக்கு வண்டியில் அழைத்துச் செல்வதும், அங்கே படிவங்களை நிரப்பிக் கொடுப்பதும் என் வேலை. எனவே இன்று நான் மருந்தைப் பற்றிப் பேசப் போவதில்லை. கொரோனாப் பெருந்தொற்றின்போது டயாலிசிஸ் நிலையங்கள் தம் நோயாளிகளை எவ்வாறு காத்தன என்பதையும், அந்தக் காவலில் நம் வீடுகளுக்கு எவ்வளவு பங்கு உண்டு என்பதையும் பேச விரும்புகிறேன். அது முடிந்துபோன கதைதானே என்று சிலர் எண்ணக்கூடும். டயாலிசிஸ் செய்துகொள்பவருக்கு ஒவ்வொரு குளிர்காலமும் ஒரு சிறு பெருந்தொற்றுதான் என்பதை அத்தகைய ஒருவர் உள்ள வீட்டார் அறிவர்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் அரசு நம் எல்லோரையும் வீட்டிலேயே இருக்கச் சொன்னது. நம்மில் பலர் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்துகொண்டோம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அந்த வசதி இல்லை. வாரத்துக்கு மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம், அவருடைய குருதி உடலைவிட்டு வெளியே சென்று, இயந்திரத்தில் தூய்மையாகித் திரும்ப வேண்டும். ஓராண்டுக்கு 156 முறை. தவறவிட்டால் நீர் நுரையீரலில் தேங்கும். பொட்டாசியம் ஏறி இதயத்தை நிறுத்திவிடவும் கூடும். எனவே ஊரே கதவடைத்திருந்த நாள்களிலும் அவர் வெளியே புறப்பட்டார். ஒரே கூடத்தில் வரிசையாகப் போடப்பட்ட நாற்காலிகளில், தம்மைப் போன்றே நோய் எதிர்ப்பாற்றல் குன்றியவர்களுக்கு நடுவே அமர்ந்தார். தொற்றின் முதல் அலையில் நோய் கண்ட டயாலிசிஸ் நோயாளிகளுள் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறந்தனர் என்று பல நாடுகளின் பதிவேடுகள் காட்டின.

இது நமக்குத் தொலைவான செய்தி அன்று. அமெரிக்காவில் சிறுநீரகச் செயலிழப்புக்கு முதற்காரணம் நீரிழிவு. தெற்காசியருக்கு நீரிழிவு பிறரைவிட மிகுதியாகவும், இளவயதிலேயும் வருகிறது. இந்த அவையில் எத்தனை பேர் வீட்டில் சர்க்கரை மாத்திரை இருக்கிறது என்று கேட்டால், கை தூக்காதவர்களை எண்ணுவதே எளிது.

டயாலிசிஸ் நிலையம் என்ற ஒன்று பிறந்த ஊரே நம் சியாட்டில்தான் என்பது இங்குள்ள இளையோரில் பலருக்குத் தெரிந்திராது. நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற மருத்துவர் 1943ஆம் ஆண்டிலேயே செயற்கைச் சிறுநீரகத்தை இயக்கிக் காட்டினார். ஆயினும் ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு குருதிக்குழாயை அறுத்துத் திறக்க வேண்டியிருந்ததால், ஒருவருக்குச் சில முறைகளுக்கு மேல் அதைச் செய்ய இயலவில்லை. 1960ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், வேய்ன் குவின்டன் என்ற பொறியாளரின் துணையோடு, டெஃப்லான் குழாய் ஒன்றை நோயாளியின் கையில் நிலையாகப் பொருத்தினார். அந்த நோயாளி போயிங் தொழிலாளியான கிளைடு ஷீல்ட்ஸ். அதன்பின் அவர் பதினோராண்டுகள் வாழ்ந்தார்.

1962ஆம் ஆண்டில் இங்கே திறக்கப்பட்ட செயற்கைச் சிறுநீரக மையமே உலகின் முதல் புறநோயாளர் டயாலிசிஸ் நிலையம். இன்றைய நார்த்வெஸ்ட் கிட்னி சென்டர்ஸ் அதன் தொடர்ச்சியே. அன்று இயந்திரங்கள் மிகச் சில. சாவின் விளிம்பில் நின்றவர்களோ பலர். யாருக்கு இடம் என்று முடிவு செய்ய வழக்கறிஞர், போதகர், வங்கியாளர், இல்லத்தரசி, தொழிற்சங்கத் தலைவர் முதலியோர் அடங்கிய எழுவர் குழு அமர்ந்தது. மணமானவரா, எத்தனை பிள்ளைகள், என்ன வருமானம், தேவாலயம் செல்பவரா என்றெல்லாம் அக்குழு ஆராய்ந்ததை லைஃப் இதழ் அவ்வாண்டு நவம்பரில் வெளியிட்டபோது நாடே அதிர்ந்தது. 1972ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகுதான், மெடிகேர் மூலம் ஏறத்தாழ எல்லோருக்கும் அந்தக் கதவு திறந்தது. பழைய கதையை ஏன் சொல்கிறேன் என்றால், 2020ஆம் ஆண்டில் அதே கதவில் மீண்டும் ஒரு கேள்வி எழுந்தது.

அவ்வாண்டு சனவரியில் அமெரிக்காவின் முதல் கொரோனா நோயாளி நம் மாநிலத்தின் ஸ்னோஹோமிஷ் மாவட்டத்தில் கண்டறியப்பட்டார். பிப்ரவரி 29 அன்று கர்க்லாந்து மருத்துவமனையில் நேர்ந்த ஒரு மரணம், நாட்டின் முதல் கொரோனா மரணம் என்று அறிவிக்கப்பட்டது. அதற்கும் முன்பே கலிபோர்னியாவில் சிலர் இறந்திருந்தது பின்னர்த்தான் தெரிந்தது. கர்க்லாந்தில் இறந்தவர் நார்த்வெஸ்ட் கிட்னி சென்டர்ஸின் நோயாளி. உலகின் முதல் டயாலிசிஸ் நிலையத்துக்கே அச்சோதனை முதலில் வந்தது. பின்பற்றுவதற்கு முன்மாதிரி எதுவும் இல்லாத வேளை. தாம் கற்றதை அந்நிலையத்தின் தலைமை மருத்துவரும் தலைமைச் செவிலியரும் அவ்வாண்டிலேயே மருத்துவ இதழில் எழுதி, நாட்டின் பிற நிலையங்களுக்கு வழிகாட்டினர்.

நாடெங்கும் நிலையங்கள் செய்தவை, தனித்தனியே பார்த்தால், மிக எளியவை. உள்ளே நுழையுமுன் வாசலிலேயே வெப்பமானியும் கேள்விகளும். எல்லோருக்கும் முகக்கவசம். காத்திருப்புக் கூடத்தில் கூட்டம் சேராமல், நோயாளி தம் வண்டியிலேயே இருந்து தொலைபேசி அழைப்பு வந்ததும் உள்ளே வருவது. அறிகுறி உள்ளவருக்குத் தனியறை, அது இல்லையேல் வரிசையின் கடைசியில், ஆள் நடமாட்டம் குறைந்த மூலையில், மற்றவரிடமிருந்து ஆறடி தள்ளி ஓர் இருக்கை. இயன்றால் நாளின் கடைசிச் சுற்று. இவற்றுள் சில புதியனவும் அல்ல. 1970களில் கல்லீரல் அழற்சி பி இந்நிலையங்களில் பரவியபோது, நோயாளிகளைப் பிரித்தும் இயந்திரங்களைத் தனியாக ஒதுக்கியும் கட்டுப்படுத்திய அனுபவம் இத்துறைக்கு முன்பே இருந்தது.

என் போன்ற கணினிக்காரர்கள் ஒரு கட்டமைப்பைப் பார்த்தவுடன் அதன் மிக மெலிந்த கண்ணி எது என்று தேடுவோம். இங்கே அது வாசலில் இருந்தது. மற்ற ஏற்பாடுகள் பெரும்பாலும் பணியாளரின் கையில் உள்ளவை. வாசற்கேள்விக்கான விடையோ நோயாளியின் வாயில் இருக்கிறது. வெப்பமானியை நம்பலாமே என்பீர்கள். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் உடல் வெப்பம் பொதுவாகவே சற்றுத் தாழ்ந்திருக்கும். தொற்று இருந்தும் காய்ச்சல் காட்டாமல் போகலாம். மூச்சுத்திணறல் தொற்றாலும் வரும், உடலில் நீர் மிகுந்தாலும் வரும். களைப்போ, டயாலிசிஸ் முடிந்த ஒவ்வொரு மாலையும் வருவது. ஆகவே 'களைப்பு உண்டா' என்ற கேள்வியால் பெரிதாக ஒன்றும் தெரியாது. 'இன்றைய களைப்பு வழக்கமான களைப்பா' என்பதே உண்மையான கேள்வி. அதற்கு ஆம், இல்லை என்று தலையசைத்து விடை சொல்ல முடியாது, மொழி வேண்டும்.

2020ஆம் ஆண்டு திசம்பரில் நான் ஓர் அம்மையாரை நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். எழுபது வயதைக் கடந்தவர். வண்டியின் கண்ணாடிகளை இறக்கிவிட்டு, இருவரும் முகக்கவசத்தோடு சென்றோம். வழியெல்லாம் இருமிக்கொண்டே வந்தார். நிலையத்தை நெருங்கும்போது, "தம்பி, வாசலில் கேட்டால் இருமல் இல்லை என்று சொல்லிவிடு" என்றார்.

"ஏன் அம்மா?"

"உண்டு என்றால் உள்ளே விடமாட்டார்கள். மூன்று நாள் ஆகிவிட்டதப்பா. என் காலைப் பார், எப்படி வீங்கியிருக்கிறது என்று."

அந்த அச்சத்தைப் பொய் என்று ஒதுக்கிவிட என்னால் முடியவில்லை. அலுவலகம், விமான நிலையம், கோயில் என்று அவ்வாண்டு எல்லா வாசல்களிலும் இருமியவரைத் திருப்பித்தான் அனுப்பினார்கள். இந்த வாசல் மட்டும் வேறு என்று யார் அவருக்குச் சொன்னார்கள்? நிலையம் கொடுத்திருந்த அறிவிப்பில் அது இருந்தது, ஆங்கிலத்தில்.

நிறுத்துமிடத்திலிருந்தே நிலையத்துக்குத் தொலைபேசியில் சொன்னேன். செவிலியர் முதலில் சொன்னது இதுதான்: "அவருக்கு இன்று இருக்கை உண்டு, மூலையில் போடுகிறோம், அழைக்கும் வரை வண்டியிலேயே இருங்கள்." அதைத் தமிழில் சொன்னதும் அம்மையாரின் முகம் தெளிந்தது. பின்னர்த் தொலைபேசி வழியே ஒரு மொழிபெயர்ப்பாளரை இணைத்து, "படுத்தால் இருமல் கூடுகிறதா?" என்று கேட்டார்கள். கூடுகிறது, இரண்டு இரவுகளாகத் தலையணையை அடுக்கி உட்கார்ந்தே தூங்குகிறேன் என்றார் அவர். என் காதில் விழாத செய்தி அது, மகனிடமும் சொல்லியிருக்கவில்லை. பரிசோதனையில் கொரோனா இல்லை. நுரையீரலில் நீர் சேர்ந்திருந்தது. அன்று வாசலில் 'இல்லை' என்று சொல்லியிருந்தால், தொற்று இருந்திருப்பின் மற்றவர்களுக்கு ஆபத்து. இல்லாததால் அவருக்கே ஆபத்து.

திருப்பி அனுப்பமாட்டோம் என்ற உறுதி முதலில் வர வேண்டும், உண்மையான விடை அதன் பின்தான் வரும். மூலையில் போடப்பட்ட அந்த நாற்காலியை நான் அப்படித்தான் பார்க்கிறேன். அது நோயுற்றவரை மற்றவரிடமிருந்து பிரிக்க மட்டும் போடப்பட்டதன்று. அவர் அஞ்சாமல் உண்மையைச் சொல்வதற்காகவும் போடப்பட்டது. 1962ஆம் ஆண்டின் எழுவர் குழு முன்னால் நின்றவரும் தமக்குச் சாதகமானதை மட்டுமே சொல்லியிருப்பார் என்றே நினைக்கிறேன்.

இளையோருக்கு ஒரு சொல். வீட்டில் தாத்தா பாட்டிக்கு மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலும் நீங்கள்தாம். அதில் பெருமைப்படுங்கள், ஆனால் மருத்துவத்தில் அந்தச் சுமையை நீங்கள் தனியே சுமக்க வேண்டியதில்லை. கூட்டரசு நிதி பெறும் மருத்துவ நிலையங்கள் மொழிபெயர்ப்பு உதவியைக் கட்டணமின்றி அளிக்கக் கடமைப்பட்டவை. 1964ஆம் ஆண்டின் குடிமை உரிமைகள் சட்டமும் 2010ஆம் ஆண்டின் நலக்காப்புச் சட்டத்தின் 1557ஆம் பிரிவும் அதற்கு அடிப்படை. அவசர வேளை தவிர, சிறார்களை மொழிபெயர்க்க வைக்கக் கூடாது என்றும் விதிகள் சொல்கின்றன. காரணம் எளிது. பேத்தியிடம் பாட்டி எல்லாவற்றையும் சொல்லமாட்டார். 'தமிழ்' என்று மொழியின் பெயரைத் தெளிவாகச் சொல்லிக் கேளுங்கள். இந்தியர் என்றதும் இந்தி மொழிபெயர்ப்பாளரை இணைத்துவிடுவதும் உண்டு.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல வேண்டும். நம் முதியவர்கள் 'ஒன்றுமில்லை' என்ற சொல்லிலேயே வாழ்கிறார்கள். மகனுக்குத் தொல்லை, மருமகளுக்கு விடுப்புப் போகும், காப்பீட்டில் செலவு ஏறும் என்று ஒவ்வொரு 'ஒன்றுமில்லை'க்குப் பின்னும் ஒரு கணக்கு இருக்கிறது. நிலையத்தின் வாசலுக்கு முன், அவர்கள் உண்மை சொல்ல அஞ்சும் முதல் வாசல் நம் வீட்டு வாசல்.

தடுப்பூசி பற்றிச் சுருக்கமாக. 2021ஆம் ஆண்டு மார்ச்சில் அரசு டயாலிசிஸ் நிலையங்களுக்கே நேரடியாகத் தடுப்பூசி அனுப்ப ஏற்பாடு செய்தது. வாரம் மூன்று முறை வருபவருக்கு இதைவிடப் பொருத்தமான இடம் ஏது? டயாலிசிஸ் நோயாளிகளின் உடலில் தடுப்பூசியின் விளைவு மற்றவரைவிடக் குறைவாக இருப்பதால், உடன் வாழும் நாமும் போட்டுக்கொள்வது அவர்களுக்குத் துணை. எந்த ஊசி, எப்போது என்பதை அவர்களின் மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டிலேயே செய்துகொள்ளும் டயாலிசிஸ் முறைகளும் உண்டு. அதிலும் சியாட்டிலுக்கு ஒரு கதை இருக்கிறது. எழுவர் குழுவின் காலத்தில், வயது வரம்புக்குள் வராத ஒரு பள்ளி மாணவிக்கு இடம் மறுக்கப்பட்டது. இதே பல்கலைக்கழகத்தின் அணுப்பொறியியல் பேராசிரியர் லெஸ் பாப், தம் குழுவினருடன் சில மாதங்களுக்குள் வீட்டிலேயே இயக்கக்கூடிய ஓர் இயந்திரத்தைக் கட்டினார். 1964ஆம் ஆண்டில் அந்தப் பெண் தன் வீட்டில் சிகிச்சை பெற்றாள். பொறியியல் பயிலும் தம்பி தங்கையர் அவரைப் பற்றித் தேடிப் படிக்க வேண்டும். இம்முறை எல்லோருக்கும் பொருந்தாது. இடமும் துணைக்கு ஆளும் பயிற்சியும் வேண்டும். ஆனால் தொற்றுக்காலத்தில் வாசலைக் கடக்கவே தேவையில்லாதவர் அவர்தாம். உங்களுக்குப் பொருந்துமா என்று மருத்துவரிடம் கேட்பதற்குத் தயங்காதீர்கள்.

வெளியே மேசையில் ஓர் அட்டை வைத்துள்ளோம். ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் ஆங்கிலம். நோயாளியின் வழக்கமான உடல் வெப்பம், டயாலிசிஸ் முடிந்தபின் இருக்க வேண்டிய எடை, வழக்கமாக உள்ள தொல்லைகள், பேசும் மொழி, அவசரத்தில் அழைக்க வேண்டிய எண் ஆகியவற்றை எழுத இடம் விட்டிருக்கிறோம். வீட்டுக்கு எடுத்துச் சென்று, பாட்டியோடு அமர்ந்து, அவரையே சொல்லவைத்து எழுதுங்கள். கேள்விகள் இருந்தால் இப்போது கேட்கலாம். மருத்துவக் கேள்விகளுக்கு விடை சொல்ல அடுத்துப் பேசவிருக்கும் மருத்துவர் இருக்கிறார்.