கை தொடும் திரையும் கண் காணும் பொருளும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



சென்ற கோடை விடுமுறையில் நம் குடியிருப்புப் பிள்ளைகள் பன்னிருவரை அழைத்துக்கொண்டு பொருட்காட்சிச் சாலை ஒன்றிற்குச் சென்றிருந்தோம். பேரப்பிள்ளைகளைக் காண ஊரிலிருந்து வந்திருந்த பாட்டியார் ஒருவரும் உடன் வந்தார். சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகள் இருந்த கூடத்தில் நுழைந்ததும் பிள்ளைகள் எங்கே ஓடினர் என்கிறீர்கள்? ஆடவல்லானிடம் அன்று, அவன் அருகே நிறுத்தியிருந்த தொடுதிரையிடம்! மூன்று திரைகளுள் இரண்டு, ‘பழுது’ என்னும் சீட்டைத் தாங்கி நின்றன. எஞ்சிய ஒன்றைச் சூழ்ந்துகொண்டு, முறைக்குச் சண்டையிட்டு, படங்களைத் தள்ளித் தள்ளி மகிழ்ந்தனர். அதில் எழுத்து இந்தியிலும் ஆங்கிலத்திலுமே இருந்தது. இரண்டும் அறியாத பாட்டியார் நேரே திருமேனியிடம் சென்று, குனிந்து முயலகனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே வந்தபின், “இறைவன் எந்தக் காலைத் தூக்கியிருந்தான்?” என்று ஒரு சிறுவனைக் கேட்டோம். அவன் விழித்தான். பாட்டியார்தாம் விடை சொன்னார்: “இடக்காலப்பா. மதுரை வெள்ளியம்பலத்திலேதான் கால் மாறி ஆடினார்.”

குற்றம் பிள்ளைகள்மேல் இல்லை. திரைமேலும் முற்றிலும் இல்லை. அது புதிதாக வந்த பொருளும் அன்று. 1965ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ராடார் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய ஈ. ஏ. ஜான்சன் என்பார், வானூர்திப் போக்குவரத்தை நெறிப்படுத்துவோர் பயன்படுத்தத் தக்கதென அதன் அமைப்பை விளக்கி எழுதினார். கண்ணாடியின்மேல் மின்சாரம் கடத்தும் மெல்லிய படலம் ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் பூசப்பட்டிருக்கும். நம் உடலும் மின்சாரம் கடத்துவதாகலின், விரல் பட்ட இடத்தில் மின்னூட்டம் சிறிது மாறுகிறது. அவ்விடம் எதுவெனக் கருவி கணக்கிட்டு அறிகிறது. மரக்குச்சியால் தொட்டால் அது வாய் திறவாது.

இதனால் பெரும்பயன் விளையும் இடங்கள் உண்டு. பழஞ்சுவடி ஒன்றைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தால் விரித்த இரு பக்கங்களே தெரியும். மற்றவை நூற்றாண்டுக் கணக்கில் மூடியே கிடக்க வேண்டியதுதான். இலண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தார் 1990களின் இறுதியில் இக்குறை தீர்த்தனர். லிண்டிஸ்பார்ன் நற்செய்திச் சுவடியின் ஏடுகளைப் படமெடுத்துத் திரையிலிட்டனர். வருவோர் விரலால் இழுத்தால் ஏடு புரளும். நம் ஓலைச்சுவடிகளுக்கு இவ்வழி எவ்வளவு பொருந்தும்!

தில்லி தேசியப் பொருட்காட்சிச் சாலையில் உள்ள மொகஞ்சதாரோ நடனமங்கையையும் எண்ணிப் பாருங்கள். 1926இல் கிடைத்த அவ்வெண்கலப் பாவையின் உயரம் 10.5 சென்டிமீட்டர், ஒரு சாண்கூட இல்லை. இடக்கை முழுதும் அடுக்கிய வளையல்களையும், வலக்கையில் உள்ள நான்கினையும் கூட்டத்திற்கிடையே நின்று எண்ணிவிட முடியுமோ? படத்தைப் பெரிதாக்கியும் திருப்பியும் காட்டும் திரை அங்கே உண்மையான துணையாகும். ஐந்தடிச் சிலைக்கு அருகே அதே திரையை நிறுத்துவதில் என்ன பொருள் என்பதுதான் நமக்கு விளங்கவில்லை.

இவ்வகையில் நாம் மதிக்கும் முயற்சி அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரத்துக் கலைக்கூடத்தாருடையது. சோழர் கால நடராசத் திருமேனி ஒன்று 1930ஆம் ஆண்டு முதல் அவர்களிடம் உள்ளது. 2013ஆம் ஆண்டில் அவர்கள் 40 அடி அகலமுள்ள தொடுதிரைச் சுவர் ஒன்றை அமைத்தனர். 4,000க்கு மேற்பட்ட கலைப்பொருள்களின் படங்கள் அதில் தோன்றும். விரும்பிய படத்தைத் தொட்டுக் கையடக்கக் கருவியில் சேர்த்துக்கொண்டு, அப்பொருள் நிற்கும் கூடத்தைத் தேடிச் செல்லலாம். சுவரின் வேலை, வந்தவரைத் தன்னிடமிருந்து அனுப்பி வைப்பது! வேறோரிடத்தில், ஒரு சிலை நிற்கும் நிலையில் நாமும் நின்று காட்டினால் எவ்வளவு ஒத்திருக்கிறதெனக் கருவி கூறும். கை எங்கே, இடை எப்படி வளைந்தது என்று சிலையைக் கூர்ந்து நோக்காதவர் அவ்விளையாட்டில் தோற்பது உறுதி. 2017இல் கூடத்தைத் திருத்தியமைத்தபோது பெருஞ்சுவரை நிறுத்திக்கொண்டு, கலைப்பொருள்களை அடுத்த விளையாட்டுகளில் தொடுதிரையை விலக்கி, உடலசைவை உணரும் கருவிகளை வைத்தனர். தலை குனிந்து திரையைப் பார்க்கும் கண்ணைப் பொருளின் பக்கம் நிமிர்த்துவதே அவர்கள் நாடியது.

பார்வையற்றோருக்கு வழவழப்பான கண்ணாடி ஒன்றும் சொல்லாது என்பதையும் மறத்தல் ஆகாது. தில்லி தேசியப் பொருட்காட்சிச் சாலையார் 2015இல் அவர்கள் கையால் தடவி அறியத்தக்க உருவப் படிகளை வைத்துத் தனிக்கூடம் திறந்தனர். அதற்கு மின்சாரமும் வேண்டியதில்லை. பழுதுச் சீட்டும் தொங்காது.

மொழியைப் பற்றி ஒரு சொல். பலகையில் இரு மொழிக்குமேல் எழுத இடமில்லை என்பர், ஒப்புகிறோம். திரைக்கு அந்தத் தடை ஏது? பாட்டி தமிழிலும் பெயரன் இந்தியிலுமாக ஒரே செய்தியைப் படிக்கலாம். ஆகவே அக்காட்சிச் சாலையாருக்குச் சங்கத்தின் சார்பில் விண்ணப்பம் ஒன்று வரைந்துள்ளோம்: தமிழில் வாசகம் எழுதித் தர நாம் அணியமாயிருக்கிறோம், கூலி வேண்டா என்று. வாயிலருகே மேசைமேல் வைத்திருக்கிறோம். செல்லும்போது கையெழுத்திட்டுச் செல்லுங்கள். பிள்ளைகளுடன் அடுத்த மாதம் மீண்டும் செல்கிறோம். இம்முறை பாட்டியார் முன்னே நடப்பார்.