முதலில் கை வைக்கக் கூடாது
(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



பவளப்பாறையை நாம கல்லுன்னு நினைக்கிறோம். அது உயிர். பூ மாதிரி சின்னச் சின்ன உயிர்கள் கூட்டமாகச் சேர்ந்து, சுண்ணாம்பைச் சுரந்து கட்டிய வீடு. விளமீன், களவா, ஓரா, சிங்கி இறால் எல்லாம் அங்கேதான் ஒதுங்குது, இரை தேடுது.

தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள். முன்னே சுண்ணாம்புக் காளவாசலுக்கும் வீடு கட்டவும் வள்ளம் வள்ளமாகப் பவளக்கல்லை வெட்டி எடுத்தார்கள். விலாங்குசல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் இன்றைக்குத் தண்ணிக்குள்ளே கிடக்குது. 1986-ல் இந்தப் பகுதி தேசியப் பூங்கா ஆனது. 2001 முதல் பவளத்தை எடுப்பது சட்டப்படி குற்றம்.

தண்ணி சூடாகி 2010-லும் 2016-லும் பவளம் வெளுத்துப்போனது. வெயிலை நாம தடுக்க முடியாது. நம்ம கையில் உள்ளதைப் பேசுவோம்.

நம் குழுக்களில் பலர் கடன் வாங்கி, மூங்கில் தெப்பத்தில் பாசி கட்டுகிறோம். அந்தப் பாசி நம்ம கடலில் பிறந்தது இல்லை. பிலிப்பைன்ஸ் பக்கத்து இனம். அறுந்து போகும் துண்டு பாறையில் ஒட்டிக்கிட்டா, போர்வை மாதிரி மூடிடும். வெளிச்சம் இல்லாமல் பவளம் செத்துப்போகும். குருசடைத் தீவில் இப்படி நடந்திருக்கு.

தொழிலை விடச் சொல்லவில்லை. அந்தக் காசில்தான் பிள்ளைகள் படிக்குது. ஆனால் மூன்று காரியம் செய்வோம். அறுந்த பாசியையும் உடைந்த தெப்பத்தையும் கரையில் இழுத்துப் போடணும். கிழிந்த நைலான் வலையைக் கடலில் விடக்கூடாது, வீட்டு ஆம்பளைங்களிடமும் சொல்லணும். தெப்பக் கடன் மனு வந்தால், அனுமதி உள்ள இடமா, பக்கத்தில் பாறை இருக்கா என்று கேட்டு, கூட்டமைப்பு தீர்மான நோட்டில் எழுதணும்.

நம்மால் ஆகுமா என்று யோசிக்க வேண்டாம். பாம்பன் பக்கம் மூழ்கிப் பாசி எடுக்கும் பெண்கள், மாதம் 12 நாள்தான் எடுப்போம் என்று தாங்களே கட்டுப்பாடு போட்டார்கள். அவர்களில் சின்னப்பாலம் லட்சுமி அக்காவுக்கு 2015-ல் சீகாலஜி என்ற வெளிநாட்டு விருது கிடைத்தது.

குழுவில் முதலைத் தின்றால் குழு கலைந்துபோகும் என்று நமக்குத் தெரியும். பவளப்பாறை கடலோட முதல். மீனும் பாசியும் அதன் வட்டி. வட்டியை எடுப்போம், முதலை நம் பிள்ளைகளுக்கு விட்டுவைப்போம்.