மடிப்பும் முறிவும்

பாயைச் சுருட்டுகிறோம், வேட்டியை மடிக்கிறோம், கதவையோ கீல் வைத்துத் திறந்து மூடுகிறோம். மென்மையான பொருள் தானே மடியும். வன்மையான பொருளுக்குக் கீல் வேண்டும். மக்கள் நெடுங்காலமாகக் கைக்கொண்டு வரும் முறை இதுவே. அண்மையில் தோன்றிய கருவி ஒன்று இவ்விரு முறைகளையும் ஒருங்கே வேண்டி நிற்கிறது. அதுதான் மடிக்கும் கைப்பேசி. புத்தகம் போல விரித்தால் அகன்ற திரை. மூடினால் சட்டைப் பையில் அடங்கும் அளவு. அதன் உடலுக்குக் கீல் உண்டு. ஆனால் திரையின் நடுவே கீல் வைக்க இயலாது. வைத்தால் படம் இரண்டாகப் பிளந்துவிடும். ஆகவே உடல் கதவு போல மூட வேண்டும். அதன்மேல் பதிந்த திரை பாய் போல வளைய வேண்டும். இதில் பொறியாளர்கள் வென்றது எவ்வளவு, இன்னும் வெல்லாதது எது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

நேயர்களே, முதலில் வளைதல் என்பது யாதென்று பார்ப்போம். ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீளுகிறது, உட்புறம் சுருங்குகிறது, இடையே நீளாமலும் சுருங்காமலும் ஒரு தளம் இருக்கிறது. தகடு தடித்ததாயின் வெளிப்புறம் மிகுதியாக நீள வேண்டும். மெல்லியதாயின் சிறிதே நீண்டால் போதும். முழு மூங்கிலைக் கையால் வளைக்க முடியாது. அதையே மெல்லிய பிளாச்சுகளாகக் கிழித்தால் கூடை முடையலாம். கூடை முடைவோர் இந்தக் கணக்கை ஏட்டில் எழுதாமலே அறிந்திருக்கின்றனர்.

எழுதிப் பார்ப்பவர்க்கும் கணக்கு எளிதே. தகட்டின் தடிப்பை, வளைவின் ஆரத்தைப் போல் இரு மடங்கால் வகுத்தால், வெளிப்புறம் நீள வேண்டிய அளவு ஏறத்தாழக் கிடைக்கும். அரை மில்லிமீட்டர் தடித்த கண்ணாடியை ஒன்றரை மில்லிமீட்டர் ஆரத்தில் வளைப்பதாகக் கொள்வோம். அது 100-க்கு 17 பங்கு நீள வேண்டும். அதற்கு முன்பே நொறுங்கிவிடும். கண்ணாடி 30 மைக்ரோமீட்டர் தடிப்பே உடையதாயின், 100-க்கு ஒரு பங்கு நீண்டால் போதும். 30 மைக்ரோமீட்டர் என்பது நாம் எழுதும் தாளின் தடிப்பில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கண்ணாடி முறிவதற்குக் காரணம் அதன்மேல் உள்ள நுண்ணிய கீறல்களே என்பதையும், மிக மெல்லிய கண்ணாடி இழைகள் தடித்தவற்றினும் வலியன என்பதையும் ஏ. ஏ. கிரிஃபித் என்னும் ஆங்கிலப் பொறியாளர் 1921-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில் விளக்கினார். மெலிவிலே வலிமை உண்டென்னும் அந்த உண்மை, நூறாண்டு கழித்துக் கைப்பேசிக்குப் பயன்பட்டது.

திரை என்பது ஒற்றைத் தகடு அன்று. பல அடுக்குகளின் தொகுதி. பழைய வகைத் திரைக்குப் பின்னால் விளக்கொளி வேண்டும். ஓ.எல்.இ.டி. என்னும் வகையோ தானே ஒளிர்வது. கோடாக் நிறுவனத்தைச் சேர்ந்த சிங் டாங், வான் ஸ்லைக் ஆகிய இருவரும் 1987-இல் இதற்கு வழிகாட்டினர். பின்விளக்கு நீங்கியதால் திரை மெலிந்தது. கண்ணாடி அடித்தளத்துக்குப் பதிலாகப் பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக்கை இட்டதால் வளையவும் செய்தது.

ஆயினும் மெல்லிய அடுக்குகளை இறுக ஒட்டிவிட்டால் அவை மீண்டும் ஒரு தடித்த தகடாகிவிடும். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள். தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று சறுக்குவதால் விளிம்பு சரிந்து நிற்கும். தாள்களையெல்லாம் பசையிட்டு ஒட்டிவிட்டால் அட்டை போலாகி வளைய மறுக்கும். ஆகவே மடிக்கும் திரையின் அடுக்குகளுக்கு இடையே, பிரியவிடாமலும் சற்றே சறுக்கவிட்டும் பிடிக்கும் மெத்தென்ற பசை இடப்படுகிறது. எளிதில் முறியும் அடுக்குகளை, முன்னர்க் கூறிய நீளாத தளத்தின் அருகில் அமைக்கின்றனர்.

இவ்வளவு செய்தும் தொடக்கம் நன்றாக அமையவில்லை. சாம்சங் நிறுவனம் 2019 பிப்ரவரியில் 'கேலக்சி ஃபோல்டு' என்னும் கருவியை அறிவித்தது; விலை 1,980 டாலர். ஏப்ரலில், சோதித்துப் பார்க்கச் செய்தியாளர்களிடம் தந்த கருவிகளில் சிலவற்றின் திரை ஓரிரு நாள்களிலேயே பழுதுற்றது. மேலிருந்த பிளாஸ்டிக் படலத்தைக் கழற்றத்தக்க உறை என்றெண்ணிச் சிலர் உரித்துவிட்டனர். அது திரையின் ஓர் உறுப்பே. வேறொரு கருவியில் கீலின் இடுக்கு வழியே துகள் புகுந்து திரையைக் கீழிருந்து முட்டியது. விற்பனை ஒத்திவைக்கப்பட்டது. படலத்தை விளிம்புச் சட்டத்துக்குள் செலுத்தினர்; கீலின் இரு முனைகளையும் மூடியிட்டு அடைத்தனர்; திரையின் அடியில் உலோகத் தகடுகளைக் கூட்டினர். அதன் பின்னரே செப்டம்பரில் கருவி கடைக்கு வந்தது.

இங்கே ஒன்று கவனிக்கத்தக்கது. கடினமானது எனக் கருதப்பட்ட வளைதலைத் திரை பெரும்பாலும் தாங்கிற்று. தூசும் விரல் நகமுமே அதனைக் கெடுத்தன. ஓரிடத்துக் குறையைத் தீர்த்தால் அது வேறிடத்தில் தலைகாட்டுகிறது. 2020-இல் வந்த 'இசட் ஃபிளிப்' கருவியில் 30 மைக்ரோமீட்டர் கண்ணாடியை வைத்தனர். அதனைக் காக்க அதன்மேல் பிளாஸ்டிக் படலம் இட்டனர். கண்ணாடித் திரை என்று பெயர் பெற்றும், நகம் பட்டால் தழும்பு விழும் தன்மை போகவில்லை. கீல் அசைய இடைவெளி வேண்டும். இடைவெளி இருந்தால் தூசு நுழையும். அதனால் கீலுக்குள் நுண்ணிய நைலான் இழைகளால் துடைப்பம் அமைத்தனர். 2021-இல் வந்த கருவி நீரைத் தாங்கியது. தூசுக்கு உறுதி கூறவில்லை. 2025-இல் கூகுள் நிறுவனம், தூசும் புகாத மடிப்புக் கைப்பேசியை அறிவித்தது. நீரைத் தடுத்த பின் தூசைத் தடுக்க நான்கு ஆண்டுகள் சென்றன.

மடிப்பின் நடுவே தெரியும் தழும்பும் இத்தகையதே. பிளாஸ்டிக்கும் பசையும் ஒரே நிலையில் நெடுநேரம் வளைந்திருந்தால் சிறிது சிறிதாக அந்நிலைக்கு இணங்கிவிடுகின்றன. இதனைக் குறைக்க, மூடிய நிலையில் திரை உள்ளே நீர்த்துளி வடிவில் அகன்று வளையுமாறு கீலைச் செய்தனர். வளைவின் ஆரம் பெருகியது, தழும்பு மங்கியது, முற்றும் மறையவில்லை.

இனி நீடிப்புக்கு வருவோம். தொடக்கக் கருவிகள் 2,00,000 மடிப்புகளைத் தாங்கும் என்றனர். நாளொன்றுக்கு 100 முறை எனக் கொண்டால் ஐந்தரை ஆண்டு. 2025-இல் சாம்சங்கின் திரைப் பிரிவு 5,00,000 மடிப்புகள் என்று அறிவித்தது. அதே கணக்கில் 13 ஆண்டுகளுக்கு மேல். எண்கள் பெருமைக்குரியவை, ஐயமில்லை. ஆனால் சோதனைக் கூடத்தில் மடிப்பது பொறி. அது ஒரே விசையோடு, ஒரே வேகத்தோடு, தூய அறையில் மடிக்கிறது. மனிதன் அவசரத்தில் ஒரு மூலையைப் பிடித்து மூடுகிறான், கடற்கரை மணல் ஒட்டிய விரலால் தொடுகிறான், கீழே போடுகிறான். மடிப்பின் எண்ணிக்கை ஆயுளின் ஓர் அளவுகோலே. ஆயுள் முழுவதும் அதற்குள் அடங்காது.

மற்றோர் அளவுகோல், பழுது பார்க்கும் எளிமை. கதவின் கீல் கிரீச்சிட்டால் எண்ணெய் இடுகிறோம். திருகாணி தேய்ந்தால் மாற்றுகிறோம். அதனால்தான் பாட்டனார் காலத்துக் கதவு பேரன் காலத்திலும் நிற்கிறது. மடிக்கும் திரையில் ஓர் அடுக்குக் கெட்டால் பயன்படுத்துபவர் அதனை மட்டும் மாற்ற இயலாது, ஒட்டிய தொகுதி முழுவதையும் மாற்ற நேருகிறது, செலவும் பெரிது. அச்செலவுக்கு அஞ்சி நல்ல நிலையிலுள்ள மற்ற உறுப்புகளோடு கருவியையே குப்பையில் எறிவோர் உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதி, ஒரு கைப்பேசி வகை சந்தைக்கு வருவது நின்ற பின்னும் 7 ஆண்டுகள் உதிரி உறுப்புகள் கிடைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. விரும்பத்தக்க தொடக்கம் இது.

முறியாமல் மடிக்கும் வித்தையைப் பொறியியல் பெரும்பாலும் கற்றுவிட்டது. முறிந்ததை எளிதில் சீராக்கும் வித்தை இன்னும் பாக்கி இருக்கிறது. இத்தகைய கருவியை வாங்க எண்ணுவோர் எத்தனை முறை மடியும் என்று கேட்பதோடு நின்றுவிட வேண்டா. கெட்டால் யார் சீராக்குவார், உறுப்புக் கிடைக்குமா, என்ன செலவாகும் என்பவற்றையும் கடைக்காரரிடம் கேட்டு அறிந்த பின்னரே பணத்தை எடுத்து வைப்பது நலம்.